படம் பொய் சொல்லுமா?



புதுநன்மை, கலியாணம், வீடு மந்திரித்தல், பள்ளி ஆண்டுவிழா என்று விசேஷம் எதுவானாலும் இந்நாளில் நம் வீட்டாரில் ஒருவராவது செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முற்காலத்தில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்வதென்றால், எண்ணெய் தேய்த்துக் குளித்து, பெட்டியிலிருக்கும் பட்டை எடுத்து உடுத்தி, டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். வருஷத்துக்கு ஒரு படம் கிடைத்தால் அதிகம். இன்று ஒரு பிறந்தநாளிலேயே இருநூறு படம் சேர்ந்துவிடுகிறது. இத்தனை எளிதாகக் கைக்கு வந்துவிட்ட வித்தையைச் செம்மையாகக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் கற்கப் புகுந்தவுடன் ஒரு கேள்வி வழிமறிக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறத்தை மாற்றலாம், முகத்திலுள்ள வடுவை அழிக்கலாம். இவற்றில் எது படத்தைச் சீராக்குகிறது? எது படத்தைப் பொய்யாக்குகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

"ஒன்றையும் தொடாமல், காமிரா எடுத்தபடியே விட்டுவிட்டால் அதுவே மெய்" என்று சிலர் எண்ணுவதுண்டு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் உள்ளபடி பார்த்தால் அது சரியல்ல. காமிராவுக்குத் தன் முன்னால் நிற்பது யார், என்ன என்பது நம்மைப் போல் தெரியாது. வருகிற வெளிச்சத்தையெல்லாம் கூட்டிக் கழித்து, மொத்தப் படமும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவிலுள்ள ஒரு சாம்பல் நிறத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. இக்காலப் போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள முயல்கின்றன. ஆனாலும் அடிக்கடி ஏமாந்துபோகின்றன.

புதுநன்மை வாங்கிய சிறுமி ஒருத்தி வெள்ளை உடையோடு வெள்ளைச் சுவரின் முன் நிற்கிறாள் என்று வையுங்கள். 'வெளிச்சம் மிஞ்சிவிட்டது' என்று யந்திரம் எண்ணி எல்லாவற்றையும் மங்கச் செய்கிறது. உடை அழுக்கேறினாற்போல் ஆகிறது. குழந்தையின் முகம் இருட்டில் மறைந்துபோகிறது. அதே குழந்தையை இருண்ட கதவின் முன் நிறுத்தினால் நேர்மாறாக நடக்கும். முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறிவிடும். ஆகவே தொடாமல் விட்ட படம் மெய்ப்படம் என்பதற்கில்லை. அது யந்திரத்தின் ஊகம், அவ்வளவே.

அந்த ஊகத்தைத் திருத்துவது நம் பொறுப்பு. பெரும்பாலான போன்களில் திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலால் ஒருமுறை தொட்டால், 'இந்த இடத்தைப் பார்த்துக் கணக்குப் போடு' என்று சொன்னதாகிறது. பக்கத்திலேயே ஒரு சிறு சூரியன் குறியோ கோடோ தோன்றும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். விரலை எடுக்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அந்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் முன்னால், லென்ஸை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். பையிலும் இடுப்பிலும் கிடந்து விரல்ரேகை படிந்த லென்ஸில் எடுத்துவிட்டு, 'போன் சரியில்லை' என்று குறைசொல்லுகிறவர்கள் அநேகர்.

நம் வேங்கிக்காலில் இருப்பவர்களுக்கு இதைச் சோதித்துப் பார்க்கக் கார்த்திகை மாதத்தைவிட நல்ல தருணம் வேறில்லை. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்டுப் பதினோரு நாள் எரிகிறது. எந்தச் சமயத்தாராயினும் அந்நாட்களில் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. அந்தத் தீபத்தைப் போனில் எடுத்த படங்களைப் பாருங்கள். பத்துக்கு எட்டில், இரவு வானம் சேற்றுநிறமாயும் தீபம் உருவமில்லாத வெள்ளைத் திட்டாயும் இருக்கும். காரணம் மேலே சொன்னதுதான். திரை முழுதும் இருட்டாயிருப்பதைக் கண்ட காமிரா, பகலாக்க முயன்று வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. சுடரின் மேல் தொட்டு, சூரியன் குறியை நன்றாகக் கீழே இழுத்தால் இரவு மறுபடி இரவாகும். சுடருக்கும் அதன் நிறம் திரும்பும்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். போனின் பிளாஷ் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது. பல கிலோமீட்டர் தூரத்திலுள்ள மலையுச்சிக்கு அதை அனுப்புவது கைதட்டிக் காற்றை நிறுத்தப் பார்ப்பது போலத்தான். கைப்பிடிச் சுவரின் மேல் போனைச் சாய்த்து வைத்து, மூன்று விநாடி டைமரை அமைத்து, கையை எடுத்துவிடுங்கள். இருட்டில் படம் குலைந்துபோவதற்கு முதல் காரணம் கையின் நடுக்கம்.

இங்கே செய்தது என்ன? திருத்தினோம், ஆனால் கண் கண்டதை நோக்கித் திருத்தினோம்.

இன்னொரு விதமான திருத்தமும் உண்டு. போன்களில் இறங்குவதற்கு முன் அதன் பழைய சரித்திரத்தைச் சிறிது பார்க்கவேண்டும். பெட்டிக் காமிராக் காலத்து ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைப்பார். 'டச்சிங்' என்று அதற்குப் பெயர். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவருக்கு உண்டு. தகப்பனார் இறந்துபோயிருப்பார், அவருடைய படம் என்று ரேஷன் கார்டிலோ பழைய கலியாண குரூப்பிலோ ஒரு சிறு முகம்தான் மிச்சம். மகன் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பான். சில நாளில் தாயும் தகப்பனும் அருகருகே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு பெரிய படம் சட்டமிட்டு வந்துவிடும். சில வேளை தோளில் வெறும் துண்டோடு இருந்தவருக்குக் கோட்டும் சேர்ந்து வரும். அப்படி ஒரு படம் மாட்டிய சுவர் நம் தமிழ் நாட்டில் எத்தனையோ வீடுகளில் உண்டு.

அது பொய்யா? அந்த இருவரும் அந்த நாற்காலிகளில் ஒருநாளும் அவ்வாறு உட்காரவில்லை. கண்டிப்பாகப் பேசினால் நடவாததை நடந்ததாய்க் காட்டும் படம் அது. ஆயினும் அதைப் பொய் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வெறும் இரக்கத்தால் இப்படிச் சொல்லுகிறேனா என்று யோசித்ததுண்டு. இல்லை, காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் அப்படத்தால் ஏமாறுகிறவர் ஒருவருமில்லை. சேர்த்து ஒட்டியது என்று தாய்க்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், வந்து போகிற உறவினருக்கும் தெரியும். பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய அர்ச். அகுஸ்தீன், வேடிக்கைப் பேச்சைப் பொய்யின் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்லுகிறவனுடைய தொனியே கேட்கிறவனுக்கு அது வேடிக்கை என்று காட்டிவிடுகிறது என்பது அவர் கருத்து. இத்தனைக்கும் பொய்யின் விஷயத்தில் அவரைவிடக் கண்டிப்பானவர் அரிது. படத்துக்கும் இதே அளவுகோல்தான். எவ்வளவு மாற்றினோம் என்பதற்கு முன்னால், மாற்றியதால் ஏமாறுகிறவர் யார் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது போனுக்கு வருவோம்.

முதலில், படம் எடுக்கிறவரே ஏமாறுகிற கதை. பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிற கூட்டத்தில், முழுநிலவை நோக்கிப் போனைத் தூக்காதவர் குறைவு. சில உயர்ந்த விலைப் போன்களில் நிலவின் மேடுபள்ளமெல்லாம் பளிச்சென்று விழுவதைக் கண்டு நாம் வியக்கிறோம். 2023 மார்ச்சில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, அறையை இருட்டாக்கி, சாம்சங் போனால் தூரத்திலிருந்து எடுத்தார். திரையில் இல்லவே இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன! தங்கள் போன் நிலவைக் கண்டால் இன்னதென்று அடையாளம் கண்டுகொண்டு, முன்பே கற்றுவைத்த அறிவைக்கொண்டு நுணுக்கங்களைக் கூட்டுகிறது என்றும், வேண்டாதவர் அந்த அமைப்பை அணைத்துவிடலாம் என்றும் அந்நிறுவனம் விளக்கம் கொடுத்தது. 'நான் எடுத்த நிலவு' என்று அனுப்புகிறவர் ஒருவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் அவர் எடுத்த நிலவு? காட்சியைக் கண்டறிந்து தானே மெருகேற்றும் அந்த அமைப்பை ஒருநாள் அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். நிலவு சிறியதாய், சற்று மங்கலாய் விழும். ஆனால் அது அன்றைய நிலவு.

அடுத்தது, சாட்சியாக நிற்கிற படம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலிலேயே இருப்பதால் இது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு படங்களையும் இணைத்துக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! உடைந்த சாக்கடை, அடைபட்ட வாய்க்கால், ஆக்கிரமித்த பாதை. இங்கே ஒரு சோதனை பதுங்கியிருக்கிறது. 0.5 என்று குறித்த அகல லென்ஸைப் போட்டுப் பள்ளத்துக்கு மிக அருகில் தாழப் பிடித்து எடுத்தால், முன்னாலிருப்பது மிகப் பெரிதாயும் பின்னாலிருப்பது மிகச் சிறிதாயும் விழும். முழங்கால் அகலப் பள்ளம் குளமாகிவிடும். படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை என்று சத்தியமும் செய்யலாம். ஆனால் பார்க்கிற அதிகாரி ஏமாறுகிறார். அவர் நேரில் வந்து பார்த்தால், அடுத்து மெய்யான குறையோடு போகிறவனுடைய படத்தையும் நம்பமாட்டார். நியாயமான முறை இது. நின்ற கண்மட்டத்தில் 1 என்ற சாதாரண லென்ஸில், அக்கம்பக்கத்து வீடோ மின்கம்பமோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். பிறகு அருகில் ஒரு படம், அளவு தெரிய ஒரு குடையோ செங்கல்லோ பக்கத்தில் வைத்து.

எடுத்த மூலப்படத்தைப் போனிலேயே அழிக்காமல் வையுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாய் அனுப்பிய பிரதியில் அளவு சுருங்குவதோடு, எடுத்த நேரம் முதலிய உள்விவரங்களும் போய்விடும். வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு இத்தகைய மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்கிறது. மூலம் கையிலிருந்தால் பாடு குறையும்.

ஓரம் வெட்டுவதும் பொய்யா என்று ஒருவர் கேட்கலாம். நம் திருவண்ணாமலைக்கு ஒரு பெரிய படக்காரர் வந்ததுண்டு. ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். ரமண மகரிஷி காலமான 1950 ஏப்ரல் 14 அன்று அவர் இங்கேதான் இருந்தார். மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். சிறிய லைக்கா காமிராவோடு, பிளாஷ் போடாமல், எடுத்த படத்தை வெட்டாமல் அச்சிடுவது அவர் வழக்கம். அப்படிப்பட்டவருடைய மிகப் புகழ்பெற்ற படம், 1932இல் பாரீஸ் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் தேங்கிய நீரை ஒருவன் தாண்டிக் குதிக்கிற படம், ஓரம் வெட்டப்பட்டதே. வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்தபோது பலகை மறைத்த பகுதியை நீக்கினார். அதனால் எவர் ஏமாந்தார்? ஆனால் சண்டையில் முதலில் அடித்தவனை வெட்டிவிட்டுத் திருப்பி அடித்தவனை மாத்திரம் காட்டினால், அதுவும் ஓரம் வெட்டியதுதான். கத்தரி ஒன்றே. விசாரிக்க வேண்டியது பார்க்கிறவன் என்ன எண்ணிக்கொண்டு போகிறான் என்பது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோர்கள் இதைக் கவனித்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

பல போன்களில் முன்பக்கக் காமிராவில் 'பியூட்டி' என்றோ, மந்திரக்கோல் போன்ற ஒரு குறியாகவோ ஓர் அமைப்பு இருக்கும். தோலை வழவழப்பாக்கும், கண்ணைப் பெரிதாக்கும், தாடையைச் சுருக்கும், நிறத்தை வெளுக்கும். சிலவற்றில் போனை வாங்கி வந்த அன்றே, நாம் கேளாமலே, அது வேலைசெய்துகொண்டிருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தன் முகத்தை நாள்தோறும் அதில் பார்க்கிறாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் மாட்டிய கண்ணாடியில் பார்க்கிறாள். கண்ணாடி அவளுக்குப் பகையாகிவிடுகிறது. 'படத்தில் நன்றாகத்தானே இருக்கிறேன், நேரில் ஏன் இப்படி?' என்று எண்ணுகிறாள். இங்கே ஏமாறுகிறவள் படத்திலிருப்பவளே. அவளை ஏமாற்றுகிற யந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்தவர்கள் நாம்.

கறுத்த முகத்துக்கு இந்த அநியாயம் புதிதல்ல. வர்ணப் படச் சுருள் பரவிய நாளில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கில் கறுத்த மேனியர் கண்ணும் பல்லும் மாத்திரம் தெரிய நிழலாகிப் போனார்கள். சுருளைத் திருத்தும்படி வற்புறுத்தியவர்கள் யார் தெரியுமா? மரத்தின் நிறம் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் செய்வோரும், பழுப்பின் வகைகள் பிரிந்து தெரியவில்லை என்று சாக்லேட் செய்வோரும்தான் என்று இதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மனிதர் முகத்துக்கு இல்லாத மதிப்பு மேசை நாற்காலிக்கு இருந்தது!

இப்போது நிலைமை சிறிது திருந்தியிருக்கிறது. 2020இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் போன்களில் முகத்தை மெருகேற்றும் அமைப்பை அணைத்தே தருவதாகவும், அங்கே 'அழகு' என்ற சொல்லை விடுவதாகவும் அறிவித்தது. 2021இல் கறுத்த மேனியையும் உள்ளபடி காட்டும் முயற்சியை அதே போன்களில் தொடங்கியது. 1975 முதல் நம் நாட்டில் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி களிம்பும் 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. டப்பாவில் பெயர் மாறிய வேகத்தில் நம் வீட்டுப் பேச்சு மாறவில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன பெரியம்மா முதலில் கேட்பது, 'என்ன நிறம்?' என்றுதானே!

இதே அமைப்பு வரன் பார்க்கும் படத்தில் புகுந்தால் இருவர் ஏமாறுகிறார்கள். பெண்ணின் படத்தை வெளுத்து அனுப்புகிற பெற்றோர், 'எல்லாரும் செய்கிறதுதானே' என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வாசற்படியில் நின்று படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற அந்த ஒரு நொடியை, தலை குனிந்து காப்பித் தட்டோடு நிற்கும் பெண்ணின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். வெளுத்தது தகப்பனார், அவமானம் மகளுக்கு.

குடும்ப குரூப்பில் எல்லாரையும் சிரிக்கவைக்கிற வசதியும் வந்துவிட்டது. 2023 முதல் சில போன்கள், அடுத்தடுத்து எடுத்த பல படங்களிலிருந்து ஒவ்வொருவருடைய நல்ல முகத்தையும் பொறுக்கி ஒரே படத்தில் சேர்த்துவிடும். கண் மூடியவருக்குக் கண் திறக்கும். இதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். சேர்த்து ஒட்டிய அந்தப் பழைய ஸ்டூடியோப் படத்துக்கு இது தம்பி. ஆனாலும், மொட்டை போட்டதற்காக அழுதுகொண்டிருந்த மூன்று வயதுப் பையனை அழுதபடியே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இருபது வருஷம் கழித்து அவன் கலியாணத்தில் எல்லாரும் தேடுவது அந்தப் படத்தைத்தான்.

இந்த ஞாயிறு சாயந்திரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள போன்களையெல்லாம் எடுத்து, முன் காமிராவைத் திறந்து, முகத்தை மெருகேற்றும் அமைப்பு இருந்தால் அதை அடியோடு சுழிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உங்கள் மகளைத் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ, வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி உட்காரவையுங்கள். நேர்வெயில் வேண்டாம், தலைக்கு மேலிருக்கும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அது கண்ணுக்கடியில் நிழல் போடும். பின்னால் வெள்ளைச் சுவருக்குப் பதிலாக நடுத்தர நிறத்தில் ஏதாவது இருக்கட்டும், கதவுத் திரைகூடப் போதும். போர்ட்ரெய்ட் என்ற அமைப்பும் இப்போது வேண்டாம். பின்னணியை மங்கலாக்கப் போய் ஜிமிக்கியையும் மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பின்பக்கக் காமிராவால், இரண்டு எட்டுத் தள்ளி நின்று, அவள் கண்ணின் மேல் தொட்டு, கன்னத்தின் நிறம் நேரில் தெரிகிறபடியே திரையிலும் தெரிகிற வரை சூரியன் குறியை மெல்ல நகர்த்துங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள், பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லிவிட்டு, சொல்லிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள்.

எடுத்ததை முதலில் அவளிடமே காட்டுங்கள். 'பில்டர் போடலையா அப்பா?' என்று கேட்பாள். பெட்டியின் அடியிலிருந்து அவளுடைய பாட்டியின் பழைய படத்தை எடுத்து, இரண்டையும் அவள் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.